ஆலிவ் மரம்: பூவும் காயும்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் ஆலிவ் கன்று ஒன்றைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். செழிப்பாக இருந்தும் பூக்கவில்லை. பூத்தால் காய்த்துவிடுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பூ அரும்புவதற்கு ஆலிவ் மரத்துக்குப் பல வாரங்கள் நீடிக்கும் குளிர் வேண்டும். இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும் மத்திய தரைக்கடல் நாடுகளில் அது இயல்பாகக் கிடைக்கிறது; ஜனவரியிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் புதுச்சேரியில் கிடைப்பதில்லை. எனவே குறை உங்கள் பராமரிப்பில் இல்லை. கூடுதல் உரம் இலையைத்தான் பெருக்கும்.

பூத்துவிட்டாலும் எல்லாப் பூவும் காயாகாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைப் போலவே இதிலும் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் ஒரே கொத்தில் கலந்திருக்கும். இருபால் பூக்களே காய் பிடிக்கும். கொத்து உருவாகும் வாரங்களில் நீரோ சத்தோ குறைந்தால் சூலகம் வளராமல் கருகி, ஆண் பூக்களின் பங்கு கூடிவிடுகிறது. மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் காற்று. பல ரகங்கள் தம் மகரந்தத்தைச் சரிவர ஏற்காததால், அருகில் வேறு ரகம் பூத்திருந்தால்தான் காய்ப்பு திருப்தியாக இருக்கும். பூக்கள் ஏராளமாக இருக்கும் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு காய்த்தாலே அது நல்ல விளைச்சல்.

அப்படிக் காய்த்துத் தள்ளிய மரம் மறு ஆண்டு சோர்ந்துவிடும். முந்தைய ஆண்டுத் தளிர்களில்தான் பூ வரும். காய்ச்சுமை அத்தளிர்களின் வளர்ச்சியைக் குறைப்பதுடன், வளரும் விதைகள் அடுத்த பருவத்துப் பூ அரும்புவதையும் தடுக்கின்றன.

உங்கள் கன்றை அழகுச் செடியாக வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தொட்டியில் நீர் தேங்க மட்டும் விடாதீர்கள்.