எட்னா எரிமலைச் சரிவின் பழங்கொடி ரெட் வைன் ஏன் தனித்து நிற்கிறது?

கேள்வி: எரிமலை மண்ணின் சுவைதான் வைனில் இறங்குகிறதா?

நேரடியாக இறங்குவதில்லை. பாறையின் ருசியை வேர் உறிஞ்சிப் பழத்தில் சேர்ப்பதில்லை. மண் செய்யும் வேலை வேறு.

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள எட்னாவையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பெரும்பாலான தோட்டங்கள் பிழைத்தன. எட்னாவின் மணற்பாங்கான எரிமலை மண்ணிலோ அந்தப் பூச்சியால் எளிதில் பரவ முடியவில்லை. அதனால்தான் நூறு வயது தாண்டியும், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. எனக்கு இது பெரிய அதிசயம்!

எரிமலைக் கல் அடுக்கிக் கட்டிய படித்தளங்களில், முறுக்கிய கறுத்த அடித்தண்டோடு ஒவ்வொரு கொடியும் ஒரு குட்டை மரம்போலத் தனித்தனியாக நிற்கும். ‘அல்பெரெல்லோ’ என்பது அந்த வளர்ப்பு முறை. இயந்திரம் நுழைய இடமில்லை, எல்லாம் கைவேலை. கிழட்டுக் கொடி காய்ப்பதும் கொஞ்சம்தான்.

இங்கே முக்கியத் திராட்சை ரகம் நெரெல்லோ மஸ்கலேசே. ‘எட்னா ரோசோ’ (எட்னா ரெட் வைன்) என்று லேபிள் ஒட்ட இது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். தோட்டங்கள் சுமார் 1000 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன. இரவுக் குளிரில் பழம் மெல்லப் பழுக்கும், அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். புளிப்பு குறையாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

கோப்பையைச் சாய்த்தால் பின்னாலிருக்கும் விரல் தெரியும், அவ்வளவு வெளிர் நிறம். நிறத்தை நம்பி இலேசானது என்று நினைத்தால், முதல் மிடறிலேயே துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.