சம்ப்புக்கு எந்தப் போர்டு?

கேள்வி: மெட்ரோ வாட்டர் எங்கள் பகுதியில் விடியற்காலையில் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடிவதில்லை. சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) தண்ணீர் வரத் தொடங்கியதும் மணி அடிக்கும் கருவியொன்றைச் செய்ய விரும்புகிறேன். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டு போதும் என்றார்கள். அடுத்த கடையில் ஈஎஸ்பி32 என்ற வேறொரு போர்டை வாங்கச் சொன்னார்கள். எதை வாங்குவது? பின்னர் மோட்டாரையும் இதனுடன் இணைக்கலாமா?
– வாசகி ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு கடைக்காரர்கள் சொன்னதும் சரிதான், உங்கள் தேவை என்ன என்று கேட்காமல் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசிக்குத் தகவல் வர வேண்டுமென்றால்தான் வைஃபை உள்ளேயே அமைந்த ஈஎஸ்பி32 தேவை. வீட்டுக்குள் மணி அடித்தால் போதுமென்றால் ஆர்டுயினோவின் சிறிய வகையான நானோவே தாராளம். அதன் ரேம் (தற்காலிக நினைவகம்) 2 கிலோபைட்தான் என்று மிரள வேண்டாம். உங்கள் நிரல் ஓடும்போது கையாளும் தகவல்கள் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

சென்சார் விஷயத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். ஒலியலையால் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரை விற்கப் பார்ப்பார்கள். மூடியில்லாத அதன் முகம் சம்ப்பின் ஈரத்தையும் நம் பக்கத்து உப்புக்காற்றையும் நெடுநாள் தாங்காது. தண்ணீரில் மிதவை எழும்பியதும் மின்சுற்றை இணைக்கும் மிதவை சுவிட்ச் ஒன்றே போதும். அடியில் சிறு துளையிட்ட பிளாஸ்டிக் மக்கைத் தண்ணீர் விழும் குழாயின் கீழ்க் கட்டி, மிதவையை அதனுள் பொருத்திவிட்டால், சம்ப்பில் முந்தைய நாள் தண்ணீர் எவ்வளவு கிடந்தாலும், புதிதாகத் தண்ணீர் விழும்போது மட்டுமே மிதவை எழும்பும்.

சுவிட்சின் ஒரு கம்பியைப் போர்டின் கிரவுண்டிலும் (0 வோல்ட் முனை) மற்றதை 2ஆம் பின்னிலும் (இணைப்பு முனை) இணைத்து, நிரலில் அந்தப் பின்னை 'இன்புட் புல்அப்' (சும்மா இருக்கும்போது 'ஹை'யாக இருக்கும் உள்ளீடு) என அமையுங்கள். சுவிட்ச் மூடி மின்சுற்று இணையும்போது அந்தப் பின் 'லோ' (0 வோல்ட்) ஆகும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மிதவை ஆடுமென்பதால், மூன்று வினாடி தொடர்ந்து 'லோ'வாக இருந்தால் மட்டும் மணியடிக்க எழுதுங்கள்.

நிரலை ஏற்றும்போது கணினியில் போர்ட் (நானோ இணைந்திருக்கும் யுஎஸ்பி வாசல்) தெரியாவிட்டால், முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பிகளே இருக்காது. இதை அறியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான். அப்போதும் தெரியாவிட்டால், விலை மலிந்த நானோக்களுக்கான சிஎச்340 டிரைவரை (அவற்றின் யுஎஸ்பி சில்லைக் கணினி அறிந்துகொள்ள உதவும் மென்பொருளை) நிறுவுங்கள். போர்ட் தெரிந்தும் நிரல் ஏறாவிட்டால், ஆர்டுயினோ மென்பொருளின் 'பிராசசர்' பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டார் 230 வோல்ட் சமாச்சாரம். அதற்கு ரிலேயும் கான்டாக்டரும் (இரண்டும் மின்னால் இயங்கும் சுவிட்சுகள்) எலக்ட்ரீஷியனும் வேண்டும். அதுவரை மணி அடித்ததும் எழுந்து மோட்டார் சுவிட்சை நீங்களே போடுங்கள்.