என் கணவர் கவுன்சிலிங்குக்கு வர மறுக்கிறார். ஆண்களிடம் உளவியலாளர்கள் அப்படி என்னதான் பேசுவார்கள்?

"உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவியிடம் இதையே கேட்டவன் நான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை. பம்ப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க். எனக்கு மனசில் ஏதோ கோளாறு என்று நான் நினைக்கவே இல்லை. வயிறு எரியும். ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. பையன் செருப்பை வாசலில் மாற்றிப் போட்டால்கூடக் கத்துவேன். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்கும் கோபம், காசு போனதே என்று. கடைசியில் வயிற்று டாக்டரே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெயரை எழுதிக் கொடுத்தார். (இவர்கள் மருந்து எழுத மாட்டார்கள், அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் பேசுகிறவர்களெல்லாம் சைக்காலஜிஸ்ட் கிடையாது.)

அந்த மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். "நல்லாத்தான் இருக்கேனுங்" என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாற்காலிகள் நேருக்கு நேர் இல்லை, இரண்டுமே கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. மனசில் என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவில்லை. நான் பேசுவது அந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். மொத்தம் எட்டு சிட்டிங், நாலு முடிந்ததும் பார்ப்போம், பலன் இல்லையென்றால் வேறு வழி யோசிக்கலாம் என்றார். கொட்டேஷன் மாதிரி இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது.

சட்டைப் பையில் ஒரு கன்மெட்டல் புஷ் கிடந்தது, சாம்பிள். "அது என்னங்க?" என்றார். இருபது நிமிஷம் நான்தான் பேசினேன். உள்துளை எவ்வளவு, எத்தனை மைக்ரான் விடலாம், எந்தப் பார்ட்டி எதற்கு ரிஜெக்ட் அடிப்பான் என்று. ரிஜெக்ட் கதை வந்ததும் புஷ்ஷைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேனாம். மூன்றாவது சிட்டிங்கில் அவர் சொல்லித்தான் தெரியும்.

எல்லா ஆம்பளைகளிடமும் இப்படித்தானா என்று ஒருநாள் கேட்டேன். "எப்படி இருக்கீங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. அன்னிக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்லிடுவாங்க. முதல் அஞ்சு நிமிஷத்துலயே அழறவங்களும் இருக்காங்க" என்றார். ஆண்களுக்கு மனச்சோர்வு பல சமயம் கோபமாக, குடியாக, உடம்பு வலியாக வருமாம். சோகமாக இருந்தால்தானே அது என்று நாமே விட்டுவிடுகிறோம்.

மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தார். 27க்கு எனக்கு 16; எண் கூடக்கூட மோசம். ஒன்பதாவது கேள்வியை நான் டிக் அடிக்காமல் விட்டிருந்தேன். அதை அவர் வாயாலேயே கேட்டார்: "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" எல்.ஐ.சி. பத்திரத்தை எடுத்து எவ்வளவு வரும் என்று இரண்டு தடவை பார்த்ததைச் சொன்னேன். அவர் பதறவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. அந்த மாதிரி ராத்திரியில் போன் பண்ணக்கூடிய மூன்று பேர் பெயரை எழுதச் சொன்னார். இரண்டுதான் வந்தது. மூன்றாவதாக, நாலு வருடமாகப் பேச்சு இல்லாத மச்சான் பெயரை எழுதினேன்.

அப்புறம் ஒரு நோட்டு. கத்தின நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, உடம்பில் எங்கே பிடித்தது. மெஷினுக்கு லாக் எழுதுகிற கைதானே, ஒழுங்காக எழுதினேன். ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது: முக்கால்வாசி வெள்ளிக்கிழமை சாயந்திரம். சனிக்கிழமை ஆளுங்களுக்குச் சம்பளம்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்தாயிற்று. எனக்கு வருவது 120 நாள். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணமும் ஏற்றினார்கள். மெஷின் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டு. இதற்கு எந்தத் தெரபி இருக்கிறது? மேடத்திடமே கேட்டேன். "அதுக்கு என்கிட்ட வழி இல்லீங்க, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருக்கு" என்றார். வெள்ளி ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வ.உ.சி. மைதானத்தில் நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வீடு. முட்டாள்தனமாக இருக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் நடக்கிறேன்.

பெண்களுக்குக் கஷ்டம் இல்லையா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. அதனால் சொல்கிறேன். எல்லாருக்கும் இது பலிக்கும் என்றும் சொல்லவில்லை. எனக்கே எட்டு பன்னிரண்டு ஆனது.

உங்கள் கணவரிடம் "மனசு" என்று ஆரம்பிக்காதீர்கள். தூக்கம், வயிறு, எது படுத்துகிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வரவே மாட்டேன் என்றால் 14416 இருக்கிறது, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, போனிலேயே பேசலாம். நேரில் போனால் முதல் நாள் நீங்கள் உள்ளே போகாதீர்கள். என் மனைவி வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்திருந்தால் பத்திரம் விஷயம் என் வாயில் வந்திருக்காது. இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. பெயரை மறைத்து எழுதுவதும் அதற்குத்தான்.