கொலுசைப் படம் எடுத்துப் பாருங்கள்

*வயது 23. பி.காம். முடித்து, வெள்ளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறானால் ஏற்காடு போய் மொபைலில் படம் எடுப்பேன். இதையே தொழிலாக்க ஆசை. ஒன்றரை லட்சம் கடன் வாங்கி கேமரா வாங்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்.*
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

கடன் இப்போது வேண்டாம், வேலையையும் விடாதீர்கள். அப்பா சொல்வது சரி. ஆனால் ஆசையை மூட்டை கட்டி வைக்கவும் தேவையில்லை.

பனிமூட்டப் படத்தைப் பாராட்ட ஆள் உண்டு. காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு. காசு தரும் படம் நீங்கள் வேலை பார்க்கும் கடையிலேயே இருக்கிறது. கொலுசுக்கும், சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் சேலைக்கும் இன்று வாட்ஸ்அப் படம்தான் கடை வாசல். புது டிசைன் வரும்போதெல்லாம் புதுப் படம் வேண்டும். முகூர்த்த மாதத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கொலுசை எடுத்துப் பாருங்கள். வெள்ளி என்பது வளைந்த கண்ணாடி. உங்கள் சட்டை, கேமராவின் கறுப்பு, மேலே ஓடும் ஃபேன் எல்லாம் அதில் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு, மற்ற இடமெல்லாம் கறுப்பு. அதனால் வெளிச்சத்தைக் கொலுசின் மேல் அடிக்காதீர்கள், ட்ரேசிங் பேப்பரின் மேல் அடியுங்கள். அந்தப் பேப்பர் கொலுசுக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். இத்தோடு விட்டால் வெள்ளி பின்னணியோடு கரைந்துபோகும். ஒரு அங்குல அகலத்தில் கறுப்பு சார்ட் வெட்டி, படத்தில் விழாதபடி இரண்டு ஓரத்திலும் நிறுத்துங்கள். அந்தக் கறுப்புக் கோடு கொலுசின் விளிம்பில் பிரதிபலித்து, மணி மணியாகப் பிரித்துக் காட்டும்.

டிரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கு கேமராவின் உணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு), 2 நொடி டைமர். மிகக் கிட்டே போனால் முன்மணி தெளிவாகவும் திருகு மங்கலாகவும் விழும். அதற்காகத் துளையை இன்னும் சுருக்கி எஃப்/22க்குப் போகாதீர்கள், படம் முழுதும் கூர்மை குறையும். அரையடி பின்னால் வந்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். துடைத்த பின் கொலுசை வெறுங்கையால் தொட வேண்டாம். ஒரு கைரேகையை கம்ப்யூட்டரில் அழிக்க அரைமணி நேரம் போய்விடும்.

சேலையில் வேறு சிக்கல், நிறம். அறையின் டியூப் லைட்டும் ஜன்னல் வெயிலும் கலந்தால் அரக்கு ஒரு பக்கம் பழுப்பாகும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். ஒரே வகை விளக்கு, அதுவும் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95க்கு மேல் உள்ளதாக இருக்கட்டும். முதல் படத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸ் (நிறம் மாறாமல் விழச் செய்யும் அமைப்பு) பிடியுங்கள். மயில்கழுத்து மாதிரி பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்றால் கோணத்துக்குக் கோணம் மாறும். விரித்து ஒன்று, மடிப்பு விழ ஒன்று என இரண்டு படம் கொடுங்கள். வெண்பட்டை கேமரா சாம்பலாக்கிவிடும், ஏனென்றால் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகவே அது அளக்கிறது. எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் அளவு) வரை கூட்டுங்கள். உங்கள் ஏற்காட்டுப் பனி அழுக்காகத் தெரிவதற்கும் இதே காரணம்தான்.

இதற்கெல்லாம் பழைய டி.எஸ்.எல்.ஆரும் 18–55 லென்ஸும் போதும். ஆறு மாதம் மாலை நேரத்தில் செய்யுங்கள். எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பதை விடுங்கள். இரண்டாம் முறை எத்தனை கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று நோட்டில் எழுதி, அதைக் காட்டி அப்பாவிடம் பேசுங்கள்.

*கல்யாண ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்தால் தொழில் கற்கலாமா?*
– வாசகி, ஆத்தூர்

தாராளமாக. லைட் பிடிக்கும் வேலையென்று குறைவாக நினைக்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் அட்சதையோடு பத்து மொபைலும் உயரும். எங்கே நின்றால் மறைக்காது என்பதை அங்கே நின்றுதான் கற்க முடியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் 1/500 நொடி வைத்தால் படத்தில் பட்டை விழும், 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். 24 மெகாபிக்சல் ‘ரா’ (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) படம் ஒன்று ஏறக்குறைய 25–30 எம்.பி.; 3,000 படம் என்றால் 75–90 ஜி.பி. அன்று இரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள், ஆல்பம் கைமாறும் வரை கார்டை அழிக்காதீர்கள். வருமானத்தைக் கணக்கிடும்போது ஆடியையும் மார்கழியையும் பூஜ்யம் என்று வைத்து, 12 மாதத்தால் வகுங்கள்.

*லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.*
– வாசகர், ஏற்காடு

பூஞ்சை. உள்ளே இருப்பதால் துணி எட்டாது. உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள். தாமதித்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. அதுவரை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். தோல் உறை ஈரம் இழுக்கும், அதைத் தவிர்க்கவும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி மூன்றும் போதும். முள் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும். மலையிலிருந்து குளிர்ந்த கேமராவோடு இறங்கினால், சேலம் வந்து அரைமணி நேரம் பையைத் திறக்க வேண்டாம், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும்.

*நான் எடுத்துக் கொடுத்த சேலைப் படங்களைக் கடைக்காரர் ஃபிளெக்ஸ் போர்டிலும் போட்டுவிட்டார். கூடுதல் பணம் கேட்கலாமா?*
– வாசகர், இளம்பிள்ளை

எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கேட்பது கடினம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். அடுத்த பில்லிலிருந்து ‘வாட்ஸ்அப், இணைய விற்பனைக்கு மட்டும், போர்டு, அச்சு விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம், மற்ற உரிமை எடுத்தவருக்கே’ என்று எழுதி, வேலை தொடங்கும் முன்பே அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.