படமாகப் போட்ட நேரப்பட்டியல், ஓடும் எழுத்து, ஓடிபி: மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற இணையதளம் பற்றிக் கேள்வி பதில்

உள்ளூர்ச் சேவைகளின் இணையதளங்களைப் பார்வையற்ற நண்பர்களோடு உட்கார்ந்து சோதித்துத் திருத்துவது என் தொழில். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கும்பகோணத்தில் சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். மருத்துவர்கள் வரும் நேரம் எங்கள் தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது. ஆனால் பார்வையற்ற ஒருவர் போன் செய்து, "அதில் ஒன்றுமே இல்லையே" என்கிறார். ஏன் ஐயா?

நேரப்பட்டியலை வண்ணச் சுவரொட்டியாக வடிவமைத்துப் படமாக ஏற்றியிருப்பீர்கள். பார்க்கிறவருக்கு அது எழுத்து. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு வெறும் படம். கோப்பின் பெயரை முணுமுணுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிப்பதற்கென்று சேர்க்கும் மாற்று உரையில் முழுப் பட்டியலையும் திணிப்பது தீர்வாகாது. அதை வரி வரியாக நகர்ந்து கேட்க முடியாது. பக்கத்திலேயே உண்மையான அட்டவணையாகத் தட்டச்சு செய்யுங்கள். தலைப்பு வரிசையைத் தலைப்பு என்று குறியுங்கள். அப்போதுதான் 'மாலை 5' என்று கேட்கும்போது அது எந்த நாள், எந்த மருத்துவர் என்பதும் சேர்ந்து கேட்கும். ஆசைப்பட்டுச் செய்த சுவரொட்டி கீழே இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பேரூராட்சியின் அறிவிப்புகள் எல்லாம் பிடிஎஃப். அதில் எழுத்துதானே இருக்கிறது?

முத்திரையும் கையெழுத்தும் போட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதுவும் படம்தான். தட்டச்சு செய்ததாகவே இருந்தாலும், தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பழைய எழுத்துருக்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் ஆகிய ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் எழுத்தின் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பானுக்கு அந்த உருவம் தெரியாது. அது ஆங்கிலக் குப்பையைத்தான் படிக்கும்.

சோதிப்பது எளிது. பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் நல்லது. கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் ஸ்கேன். அரசு அலுவல்களுக்கு, தமிழைத் தமிழாகவே கணினிக்குள் பதிவு செய்யும் யூனிகோடு என்று தமிழ்நாடு அரசு 2010 லேயே ஆணையிட்டுவிட்டது. பழைய எழுத்துருவில் பழகிய விரல்கள்தான் இன்னும் மாறவில்லை. அறிவிப்பின் உரையை யூனிகோடில் பக்கத்திலேயே போட்டு, கையெழுத்திட்ட நகலை இணைப்பாகக் கொடுங்கள்.

இன்னொன்று. தளத்துக்காக வாங்கிய ஆயத்த வடிவமைப்பில் (வார்ப்புருவில்) பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தமிழ் என்று மாற்றாவிட்டால், சில ஆங்கிலக் குரல்கள் தமிழ்ப் பத்தியை ஓசையின்றித் தாண்டிவிடும்.

ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிடும் என்று சொல்லி ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். படத்துக்குள் இருக்கும் உங்கள் நேரப்பட்டியலை எந்த மந்திர வரியும் ஒழுங்கான அட்டவணையாக்கித் தராது. இப்படி வாக்குறுதி கொடுத்து விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2025 இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. சந்தாவுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் பார்வையற்ற ஒருவருக்கு ஊதியம் கொடுத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானாவது வைக்கலாமா?

பார்வை குறைந்தவர் உலாவியிலேயே பெரிதாக்கிக்கொள்வார். நீங்கள் அதைத் தடுக்காமல் இருந்தாலே போதும். கைபேசியில் இரு விரலால் விரிப்பதை முடக்கிவைத்துவிட்டு மேலே இந்தப் பொத்தானை வைத்திருக்கும் தளங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து பளிச்சென்று இருக்கிறதே, அது சரியா?

இணையதளங்கள் எல்லோருக்கும் ஏற்றதாக இருப்பதற்கான உலகளாவிய டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. அடர்சிவப்பாக இல்லாத பளீர் சிவப்பின் மேல் மஞ்சள் 3.7 அளவுக்குத்தான் வரும். பெரிய தலைப்புக்குப் போதும், பத்திக்குப் போதாது. ஓடும் எழுத்து இருந்தால் நிறுத்த ஒரு பொத்தான் கொடுங்கள்; எடுத்தே விட்டால் இன்னும் நல்லது.

என் தந்தைக்குக் கை நடுக்கம். குடிநீர்க் கட்டணம் கட்டும் பக்கத்தில் ஓடிபியை அடிப்பதற்குள் நேரம் முடிந்து, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பச் சொல்கிறது. இதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

கட்டாயம் சேரும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நடுக்குவாதம் அதில் ஒன்று. தளம் அமைப்பவர்கள் செய்ய வேண்டியது: நேரம் முடிவதற்கு முன் எச்சரித்து, அதை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி கொடுங்கள். ஓடிபியை ஒட்ட அனுமதியுங்கள். ஆறு எண்ணுக்கு ஆறு தனிப் பெட்டி வைத்து வதைக்காதீர்கள். பிழை வந்தால் ஏற்கெனவே நிரப்பியது அழியக் கூடாது. பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டாமல், 'இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் சொல்லுங்கள். வளைந்து நெளிந்த எழுத்தைப் படிக்கச் சொல்லும் கேப்ட்சா, பணம் கட்ட வருகிறவரிடம் எதற்கு? நமக்கு வரி கட்ட எந்த இயந்திரமும் ஓடி வரப்போவதில்லை.

காது கேளாதவர்களுக்கு இணையதளத்தில் என்ன சிரமம்? கண்ணால் படித்துக்கொள்ளலாமே?

'மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்' என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும் பாருங்கள், அங்கேதான் அவர்களுக்குக் கதவு மூடுகிறது. பக்கத்திலேயே வாட்ஸ்அப் அல்லது குறுஞ்செய்தி வழியும், அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். காணொளிக்கு வசன வரி போடுங்கள். சைகை மொழியே முதல் மொழியாக வளர்ந்தவர்களுக்கு நீண்ட அலுவலகத் தமிழ் கடினம். குறுகிய வாக்கியம் எழுதுங்கள்.

நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

இரண்டு வழிகள். கணினியில் சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பணம் கட்டும் கடைசிப் படி வரை போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பது ஒவ்வொரு படியிலும் திரையில் தெரிய வேண்டும். அடுத்து, ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பான். வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த உருப்படி, இருமுறை தட்டினால் திறக்கும். அதை எப்படி அணைப்பது என்பதை முதலில் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், இல்லாவிட்டால் திணறிப்போவீர்கள். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் பேசும்.

நான் பார்வையற்றவன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, யாரும் திருத்துவதில்லை. சட்டம் துணை நிற்குமா?

நிற்கும். சேவைகளை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி தர வேண்டும் என்று சொல்லும், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு அரசுக்கு மட்டுமல்ல, தனியார் சேவைக்கும் பொருந்தும். முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89 ஆவது பிரிவில் இடம் உண்டு. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு (கேஒய்சி) பற்றிய வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளைப் பெறுவதும் அரசியலமைப்புச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியிருக்கிறது. முதலில் அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு அதன் நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். 'உங்கள் தளம் சரியில்லை' என்று எழுதினால் பதில் வராது. எந்தப் பக்கம், எந்தப் பெட்டி, என்ன செய்ய முயன்றீர்கள், திரைவாசிப்பான் என்ன சொன்னது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். முடிந்தால் அது பேசியதைத் திரைப்பதிவாக எடுத்து இணையுங்கள்.