மானிட்டரை அணைத்தால் போதுமா? – இரவு பேக்கப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஆட்கள் லாக் ஆஃப் செய்யாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பேக்கப் ஓடுவதில்லை.

இரவு 10 மணிக்கு பேக்கப் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். காலையில் பார்த்தால் பாதியில் நிற்கிறது. கேட்டால், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் போனோம்" என்கிறார்கள். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைத்தான் பயன்படுத்துகிறோம். (ஆடிட்டர் அலுவலகம், தஞ்சாவூர்)

அவர்கள் பொய் சொல்லவில்லை. அணைத்தது மானிட்டரை. இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு ஒருநாள் இரவு சாவி வாங்கிக்கொண்டு போனேன். அறை முழுக்க இருட்டு. மேசைகளுக்கு அடியில் மட்டும் ஏழெட்டுப் பச்சை விளக்குகள் மினுங்கின. ஒரு மானிட்டரைப் போட்டால் எக்செல் திறந்திருக்கிறது. யாரோ ஒரு கட்டத்துக்குள் 48 என்று அடித்து, ஒரு காற்புள்ளி வைத்து, அப்படியே எழுந்து போயிருக்கிறார். பஸ் நேரம் போலிருக்கிறது. பக்கத்து மேசையில் அவுட்லுக், அதற்கடுத்ததில் டேலி.

உங்கள் பேக்கப்பை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், அதாவது மெயில்கள் சேர்ந்திருக்கும் ஃபைல். அவுட்லுக் திறந்திருக்கும்வரை அதை வேறு யாரும் தொட முடியாது. ரோபோகாப்பிக்கு ஒரு குணம் உண்டு: எடுக்க முடியாத ஃபைல் வந்தால் 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும், நீங்கள் மாற்றாவிட்டால் 10 லட்சம் தடவை. கணக்குப் போட்டால் 347 நாள். ஆடிப்பெருக்கன்று மாட்டிக்கொண்டால் அடுத்த ஆடி பிறக்கும்போதுதான் அடுத்த ஃபைலுக்கு நகரும்! கட்டளையில் ஆர் சுவிட்சுக்கு (எத்தனை தடவை மறுபடி முயல்வது) 2, டபிள்யூ சுவிட்சுக்கு (எத்தனை விநாடி காத்திருப்பது) 5 என்று கொடுங்கள். மறுபடி இரண்டு முறை பார்த்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். விட்டுப்போனது எது என்று லாக் ஃபைலில் தெரியும்.

அப்புறம், ஆளைத் தேடாதீர்கள், திறந்திருக்கும் ஃபைலைத் தேடுங்கள். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதற்குள் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓப்பன் ஃபைல்ஸ். எந்த ஃபைலை எந்தப் பெயர் பிடித்திருக்கிறது என்று வரிசையாக வரும். எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழைகிற அலுவலகத்தில் இது உதவாது. ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுங்கள். அந்த 48 இருக்கிறதே, சேவ் செய்யாததால் அது எந்த பேக்கப்பிலும் வராது. ஊழியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "சர்வருக்காக அணையுங்கள்" என்பதைவிட "உங்கள் உழைப்பு போய்விடும்" என்பது காதில் ஏறுகிறது.

இரவு 9 மணிக்கு எல்லா சிஸ்டத்தையும் கட்டாயமாக ஷட்டவுன் செய்துவிடலாமா? (அரிசி ஆலை, மன்னார்குடி)

செய்யலாம், சண்டைக்குத் தயாராக இருந்தால். ஷட்டவுன் கட்டளையில் பத்து நிமிட அவகாசம் கொடுத்தால் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அவகாசம் கொடுத்தாலே கட்டாயமாக மூடு என்பதும் அதில் சேர்ந்துவிடுகிறது. எச்சரிக்கையைக் கவனிக்காதவரின் சேவ் செய்யாத வேலை போய்விடும். ஜிஎஸ்டி 3பி படிவத் தாக்கலுக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி என்றால், 19ஆம் தேதி இரவு உங்கள் கணக்கர் எங்கே இருப்பார்? ஒரு தடவை அவர் வேலை அழிந்தால் மறுநாளே அந்தக் கட்டளையை யாராவது எடுத்துவிடுவார்கள். நானாக இருந்தால் நானே எடுத்துவிடுவேன்.

தை, மாசியில் சம்பா அறுவடை வந்தால் உங்கள் ஆலையில் நள்ளிரவுவரை எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். பேக்கப்பை அதிகாலை 4 மணிக்கு மாற்றுங்கள். ஓர் ஆலையின் கணக்கு சில ஜிபிதான் இருக்கும், விடிவதற்குள் முடிந்துவிடும். கடைசியாக ஷட்டரை இறக்குகிறவர் யாரோ அவர் பொறுப்பில் ஒரு சுற்று விடுங்கள். பூட்டை இழுத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு மேசையையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். (பாத்திரக்கடை, கும்பகோணம்)

அப்படியானால் இரவு பேக்கப் ஒருநாளும் ஓடியிருக்காதே! மின்கசிவு பயம் நியாயமானது, அந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். மதியம் 2 மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் டேலியை எல்லா சிஸ்டத்திலும் மூடிவிட்டு எடுங்கள். அல்லது எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சர்வருக்கு மட்டும் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் சர்வரில் லாகான் நேரத்தை இரவு 8 வரை என்று வைத்தும் உள்ளே இருப்பவர்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறார்களே? (நாகப்பட்டினம்)

அந்த நேரக்கட்டுப்பாடு வாசற்காவலர் மாதிரி. புதிதாக வருகிறவரைத் தடுக்கும், உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. நேரம் முடிந்ததும் லாக் ஆஃப் செய்யும் பாலிசி ஒன்று இருக்கிறது. அதுவும் சர்வரில் பகிர்ந்த ஃபோல்டர்களோடு உள்ள இணைப்பைத்தான் அறுக்கும், அவர் டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது வேறு இடத்திலிருந்து சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்கிறார்கள் என்றால் இன்னொன்று: மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது லாக் ஆஃப் ஆகாது. துண்டிக்கப்பட்ட செஷனுக்கு ஒரு மணி நேரக் கெடு வைத்துவிடுங்கள்.

ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுக்க வழியில்லையா? (திருவாரூர்)

உண்டு. விண்டோஸில் ஷேடோ காப்பி என்ற வசதி சர்வர் 2003 காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அதைப் படம் பிடித்து, படத்திலிருந்து நகல் எடுக்கும். எஸ்க்யூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் அதோடு ஒத்துப் போகும். ஒத்துப் போகத் தெரியாத மென்பொருளுக்கு, அந்த நொடியில் கரண்ட் போனால் டேட்டா எப்படி இருக்குமோ அப்படித்தான் நகலும் இருக்கும். டேலியை எல்லோரும் மூடிய பிறகு எடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தினமும் எடுக்கச் சட்டம் சொல்கிறதா? (மயிலாடுதுறை)

கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் ஆம். 2014ஆம் ஆண்டு கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தப்படி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் எடுக்கப்பட்டு இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். கூட்டு வியாபாரத்துக்கு இந்த விதி இல்லை.

எடுத்த பேக்கப்பை எங்கே வைப்பது? (வேதாரண்யம்)

உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது உங்கள் பக்கத்தில்தான். அதற்குப் பிறகு ஒரு கடைக்குப் போனேன். கூரைத் தகடு போய், சர்வரும் அதன் மேலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து ஊறிக் கிடந்தன. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஓடி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே இருந்தால் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் பூட்டிவிடும். மாற்றும் அன்றைக்கு அதிலிருந்து ஏதாவது ஒரு மாதக் கணக்கை வேறு சிஸ்டத்தில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உடனே எழுதுங்கள், அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டாம்.