ஸ்ட்ரைக் நாளில் சத்துணவு: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பணி ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்.

சேலம், ஒரு தாய்: ஆசிரியர் போராட்டம் நடக்குது ஐயா. நாலு நாளா பையனுக்கு மதியச் சாப்பாடு இல்லை. யாரைக் கேக்கறது?

பதில்: அம்மா, சமைக்கிறவர்கள் ஆசிரியர்கள் இல்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எல்லாம் தனிப் பணியாளர்கள். அவர்களும் போராட்டத்தில் இல்லையென்றால் முதலில் அமைப்பாளரைக் கேளுங்கள். பையன் எட்டாம் வகுப்புக்குள் படித்தால் 2015 மதிய உணவு விதிகள் உங்களுக்குத் துணை. அரிசி வரவில்லை, எரிபொருள் இல்லை, சமையலர் வரவில்லை, வேறு எந்தக் காரணமானாலும் சரி, பள்ளி நாளில் சாப்பாடு போடாவிட்டால் அந்த நாளுக்குரிய தானியத்தையும் சமையல் செலவையும் 'உணவுப் பாதுகாப்புப் படி' என்று அரசு தர வேண்டும். கெடு, அடுத்த மாதம் 15-ஆம் தேதி. தானிய அளவு தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். தொடர்ந்து 3 பள்ளி நாள் தவறினால் யார் பொறுப்பு என்று அரசே கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கணும். உங்களுக்கு நாலு ஆகிவிட்டது.

அதே தாய்: எழுதிக் கொடுத்தா கிடைச்சிடுமா?

பதில்: சிக்கல் 'பள்ளி நாள்' என்பதில் இருக்கிறது. விடுமுறை என்று அறிவித்துவிட்டால் பிடி நழுவிவிடும். அறிவிப்பு வந்ததா என்று கேட்டு, தேதிவாரியாக மனு எழுதுங்கள்.

கலிஃபோர்னியா வாசகர்: இங்கே எப்படி?

பதில்: அங்கே பரிமாறிய சாப்பாட்டுக் கணக்கில்தான் மத்திய அரசுப் பணம் வரும். பள்ளி மூடினால் தட்டும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை எதிர்பாராமல் பள்ளி மூடினால், கோடைக்கால உணவுத் திட்டத்தைப் பள்ளிக்கு வெளியே நடத்தலாம். அந்தக் காரணங்களில் தொழில் தகராறும் உண்டு. அந்த விதியை எழுதியவர் விவரமானவர்! 2019-இல் உங்கள் மாநிலத்து ஓக்லாந்தில் ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தபோது நன்கொடை திரட்டியும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். 2018-இல் வெஸ்ட் வர்ஜீனியாவில் 55 மாவட்டங்களிலும் வேலைநிறுத்தம். ஆசிரியர்களே உணவுப் பை கட்டிக் கொடுத்தார்கள்.

தேனி, இளைஞர்: நாங்களே வசூல் பண்ணி பள்ளியில் சமைத்துப் போடலாமா?

பதில்: தம்பி, பள்ளிச் சமையலறைக்குள் போகாதீர்கள். பரிமாறும் முன் ஓர் ஆசிரியராவது ருசி பார்க்கணும் என்பது நடைமுறை. ஸ்ட்ரைக்கில் அவருக்கு எங்கே போவீர்கள்? யாருக்காவது வயிறு கெட்டால் பழி உங்கள் தலையில். வசூலித்த பணத்தில் அரிசி, பருப்பு, முட்டை வாங்கி வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அதனால் படி கேட்கும் உரிமையும் போகாது.

மதுரை வாசகர்: பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் போராடலாமா?

பதில்: அதை அரசிடமும் சேர்த்துக் கேளுங்கள். படி தர வேண்டியது ஆசிரியர் இல்லை.